உப்பு எங்கே போகும்?

புதுவையை விட்டு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிச் செல்வோர் கூனிமேட்டைக் கடந்தே ஆகவேண்டும். பேருந்தில் அமர்ந்திருப்பவர் பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னே போய்விடும். அத்தனை சிறிய ஊர். கிழக்கே கடல். மேற்கே சற்றுத் தொலைவில் கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை. வடக்கே போகப் போக, வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் வெண்மையோடு மரக்காணத்து உப்பளங்கள்.

இச் சிறிய ஊருக்கும் ஒரு வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அவர்கள் எழுதிவைத்த ஏடுகளிலே கூனிமேடு என்னும் தமிழ்ப் பெயர் 'கானிமியர்' என்று சிதைந்து கிடக்கிறது. எதற்காக வந்தான் வெள்ளையன் இக் கரைக்கு? கடற்காற்று வாங்கவா? அல்ல, துணி வாங்க வந்தான்! சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரியிலும் சாயவேரிலும் தோய்த்து எடுத்த துணிக்கு மேலைநாட்டுச் சந்தையிலே அத்தனை மதிப்பு. கப்பல் வந்தது, துணி போனது, வாணிகம் வளர்ந்தது, வாணிகத்தின் பின்னே ஆட்சியும் வந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

துணிக்காகத் தேடி வந்தார்கள் கூனிமேட்டுக்கு. உப்புக்காக இன்றும் தேடி வருகிறார்கள் மரக்காணத்துக்கு. துணி ஒரு பொருள். உப்பு ஒரு பொருள். ஒன்று மானம் காக்கிறது. மற்றொன்று உணவுக்குச் சுவை சேர்க்கிறது. இரண்டும் மனிதனுக்கு நன்மை செய்யப் பிறந்தவையே. ஆனால், இந்த இரண்டும் ஒரு தொட்டியிலே கூடி, நம் தமிழகத்தின் ஓர் ஆற்றையே சாகடித்தன என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அந்த ஆற்றின் பெயர் நொய்யல். அந்த ஊரின் பெயர் திருப்பூர்.

கூனிமேட்டில் தொடங்கி எங்கேயோ மேற்கே போகிறானே, கடலோரத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், உலக அளவில் காக்கத்தக்க ஈரநிலங்களின் வரிசையிலே, அதாவது ராம்சார் பட்டியலிலே, தமிழகத்தின் இரண்டு நீர்நிலைகள் ஒரே அறிவிப்பில் இடம்பெற்றன. ஒன்று, கூனிமேட்டை அடுத்துள்ள நம் கழுவெளி. மற்றொன்று, திருப்பூரை அடுத்துள்ள நஞ்சராயன் குளம். ஒரே நாளில் ஒரே பந்தியில் இரண்டு விருந்தாளிகள்! அவர்களில் ஒருவர், வாழ்வில் எல்லாத் துன்பமும் பட்டுத் தேறி வருகிறவர். மற்றொருவர், இனிமேல்தான் சோதனைக்கு ஆளாகப் போகிறவர். பட்டவர் சொல்லைப் படாதவர் கேட்க வேண்டாமா? அதற்காகவே இவ்வாரம் உங்களைத் திருப்பூருக்கு அழைத்துப் போகிறேன்.

நொய்யல் பிறப்பது வெள்ளியங்கிரி மலையிலே. கோவையைத் தொட்டு, திருப்பூரின் நடுவே புகுந்து, ஈரோட்டு, கரூர் மாவட்டங்களின் வயல்களைக் கடந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, நொய்யல் என்னும் பெயர் கொண்ட ஊரருகே காவிரியிலே கலக்கிறது. பெரிய ஆறு அன்று. ஆண்டு முழுதும் பெருகியோடும் ஆறும் அன்று. ஆனாலும் ஏரிக்கு நீர் தந்தது. கிணற்றுக்கு ஊற்றுத் தந்தது. மாட்டுக்கும் மனிதனுக்கும் தாகம் தீர்த்தது. ஏழை வீட்டுத் தாயைப்போல், தன்னிடம் உள்ளதைப் பகிர்ந்து கொடுத்து வந்தது.

அதன் கரையிலே பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. வளர்ந்ததில் தவறில்லை. வானம் பார்த்த பூமியிலே வாடிக் கிடந்தவனுக்கு வேலை தந்தது திருப்பூர். தென்மாவட்டத்துப் பிள்ளைகளும், பின்னாளில் வட மாநிலத்துப் பிள்ளைகளும் கூலி தேடி வந்து சேர்ந்த ஊர் அது. அந்தத் தொழிலைப் பழிப்பவன் அல்லன் நான். ஆனால், அந்தத் தொழிலின் உள்ளே ஓர் இரகசியம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும்.

பருத்தி இழை நீரில் நனையும்போது எதிர்மின் தன்மை கொள்கிறது. அதற்கு ஏற்ற சாயத்துக்கும் அதே தன்மை. ஆகவே இழையும் சாயமும் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். இருவரையும் சேர்த்துவைக்க ஒரு தரகன் வேண்டும். அந்தத் தரகன்தான் உப்பு. கறியுப்பையோ, சோடியம் சல்பேட் என்னும் வேறோர் உப்பையோ தொட்டியிலே கொட்டினால், பிணக்குத் தீர்ந்து சாயம் இழையிலே ஏறும். ஆழ்ந்த நிறமாயின், 1 கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவுக்கும் அதற்கு மேலும்கூட உப்பு வேண்டியிருக்கும். கலியாணம் முடிந்ததும் தரகன் என்ன ஆகிறான்? பந்தலை விட்டு வெளியே அனுப்பப்படுகிறான்! கொட்டிய உப்பில் ஒரு பிடிகூடத் துணியோடு கப்பல் ஏறுவதில்லை. ஏறாமல் எஞ்சிய சாயத்தையும் அழைத்துக்கொண்டு, அத்தனை உப்பும் கழிவுநீரிலே வந்து நிற்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மரக்காணத்து உப்பளத்திலே வெயிலில் நிற்கும் ஒரு பெண்மணியைக் கேட்டால், எந்தப் பொறியியல் நூலையும் புரட்டாமல் விடை சொல்லிவிடுவார். பாத்தியிலே நீரைப் பாய்ச்சினால், சூரியன் நீரை மட்டும் எடுத்துக்கொள்வான், உப்பு நின்றுவிடும். உப்பு ஆவியாகாது, அழுகாது, மட்காது, மண்ணுக்குள் போனால் மண்ணில் இருக்கும், கிணற்றுக்குள் போனால் கிணற்றில் இருக்கும். 'உப்பு எங்கே போகும்?' என்ற கேள்விக்கு அந்த அம்மையார் சொல்லும் விடை ஒன்றே: 'எங்கேயும் போகாது, ஐயா!'

இந்த எளிய உண்மையைத்தான் திருப்பூரிலே ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்தார்கள். 1990களிலே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சுண்ணாம்பு முதலியவற்றைக் கலந்து நிறத்தைப் படியவைத்தார்கள். கருஞ்சிவப்பாய் உள்ளே போன நீர் ஓரளவு தெளிந்து வெளியே வந்தது. தெளிவு பெற்ற நீரைக் காட்டிப் பெருமை பேசினார்கள். கண்ணுக்குத் தெரிந்தது குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அன்று, தோழர்களே! வெள்ளை வேட்டி கட்டியவர் எல்லாம் நல்லவர் அல்லர் என்பது நமக்குத் தெரியாததா?

குடிநீரிலே கரைந்துள்ள பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்கிறது இந்தியத் தர நிறுவனம். வேறு நீரே கிடைக்காதபோதும் 2,000-க்கு மேல் போகலாகாது என்கிறது. ஆலைக் கழிவு வெளியேறுவதற்குத் தமிழகத்தில் வைத்த வரம்பு 2,100. சாயப் பட்டறையின் கழிவு இவ்வரம்பையெல்லாம் பன்மடங்கு தாண்டியது. அந்த உப்பு நிலத்திலே பாய்ந்தால் என்ன நேரும்? களிமண்ணின் கட்டமைப்புக் குலையும். மேலே ஓடுபோல் இறுகும். வேர் மூச்சு விடாது. ஈரம் இருந்தும் பயிர் அதை உறிஞ்ச இயலாது. கடலின் நடுவே தாகத்தால் செத்தவன் கதைதான் பயிருக்கும்.

இந்த நிலையிலேதான் 1992ஆம் ஆண்டு ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருவதற்கென்று, மக்கள் வரிப்பணத்தால் கட்டிய அணை. திறந்த நாளிலே உழவன் மகிழ்ந்திருப்பான். தலைமுறைக் கனவு நிறைவேறியது என்று எண்ணியிருப்பான். ஆனால், அணையில் வந்து தேங்கியது மலைநீர் அன்று. சாயப் பட்டறைக் கழிவு! உழவர்கள் அணைக்கட்டின் முன்னே நின்று 'தண்ணீரைத் திற' என்று முழங்குவதை நாம் எத்தனையோ போராட்டத்தில் கண்டிருக்கிறோம். 'தண்ணீரைத் திறக்காதே' என்று உழவன் கைகூப்பிக் கேட்டது ஒரத்துப்பாளையத்தில்தான். உழவன் நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தது என்றால், அதைவிடப் பெரிய பழி ஒரு நாட்டுக்கு உண்டா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது! நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. தமிழகத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. ஒரத்துப்பாளையம் அணை எழுந்தபோது சட்டத்துக்கு வயது 18. வாக்களிக்கும் வயது வந்த சட்டம்! ஆனாலும் அது வாய் திறக்கவில்லை. ஏன்? சட்டத்துக்கு வாய் கிடையாது, தோழர்களே. அதற்கு வாயாக நிற்க வேண்டியவர்கள் அதிகாரிகள். அதிகாரிகளை நிற்க வைக்க வேண்டியவர்கள் அரசியல்வாதிகள். அரசியல்வாதிகளை ஆட்டிவைக்க வேண்டியவர்கள் மக்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சட்டம் ஊமையே.

அரசியல் பேசாத இடத்தில் நீதிமன்றம் பேச நேர்ந்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கிலே, மாசுபடுத்தியவனே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. தண்டம் கட்டினால் போதாது. பாதிக்கப்பட்டவனுக்கு ஈடு தரவேண்டும். கெட்ட நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கவேண்டும் என்றது.

இந்தத் தீர்ப்பின் அருமை தெரியவேண்டுமானால் ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே ரைன் என்றோர் ஆறு. பிரான்சு நாட்டின் ஆல்சாசு வட்டாரத்துப் பொட்டாசுச் சுரங்கங்கள் தங்கள் உப்புக் கழிவை அந்த ஆற்றிலே கொட்டின. ஆற்றின் கடைமடையில் இருக்கும் நெதர்லாந்திலே தோட்டக்காரர்கள் தவித்தனர், நாற்றுகள் வாடின. பேச்சு நடந்தது, 1976-இல் ஐந்து நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கழிவைக் குறைக்கும் செலவிலே பிரான்சுக்கு 30 பங்கு, செருமனிக்கு 30 பங்கு, சுவிட்சர்லாந்துக்கு 6 பங்கு. அடிபட்ட நெதர்லாந்துக்கு எத்தனை தெரியுமா? 34 பங்கு! 'என்னை அடிக்காதே' என்று கேட்டவன், அடிப்பவனுக்குப் பெரும்பங்கு கூலி தந்த கதை அது. நாகரிகத்தின் உச்சியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாடுகளின் கணக்கு அவ்வாறு. நம் நாட்டு நீதிமன்றம் சொன்ன கணக்கு அதைவிட உயர்ந்தது. ஆனால், ஏட்டில் உயர்ந்த கணக்கு நாட்டில் நிறைவேறியதா?

நொய்யலின் ஆயக்கட்டு உழவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். 2006 டிசம்பர் 22-இல் தீர்ப்பு வந்தது. கழிவுநீரின் ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகாத நிலையை உரிய காலத்துக்குள் எய்த வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு முதல் 10 காசு வரை தண்டம். 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனாலும் கழிவு நிற்கவில்லை. கடைசியில், 2011 சனவரி 28 அன்று, சாயப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் அடைத்துவிட உத்தரவிட்டது உயர்நீதிமன்றம். அணை எழுந்த ஆண்டிலிருந்து எண்ணிப் பாருங்கள்: 19 ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து, கல்லூரிக்குப் போகும் காலம்.

அடைத்தார்கள், அடைத்ததும் என்ன நடந்தது? எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றி வீதியில் நின்றனர். அப்போது எழுந்தது ஒரு குரல்: 'பார்த்தீர்களா, ஆற்றைக் காக்கப் போய்த் தொழிலாளியின் சோற்றில் மண்ணைப் போட்டார்கள்!' கேட்டவர் உள்ளம் கலங்கியது. நம் தோழர்களில் சிலர்கூட அந்தக் குரலுக்குத் தாளம் போட்டனர். இந்த இடத்தில்தான் நாம் நின்று நிதானித்து எண்ணவேண்டும்.

உழவன் ஒருபுறம், தொழிலாளி மறுபுறம். இருவரும் ஏழைகள். ஒருவன் நிலம் உப்பானது; மற்றவன் அடுப்பு அணைந்தது. இருவரையும் மோதவிட்டு, நடுவே ஒருவர் நின்றாரே, அவரைப் பார்த்தீர்களா? 19 ஆண்டுகளாகக் கழிவைத் தூய்மை செய்யும் செலவை மிச்சம் பிடித்தவர் அவர். துணியின் விலையிலே நூலின் விலை இருந்தது. சாயத்தின் விலை இருந்தது. மின்சாரக் கட்டணம் இருந்தது. தொழிலாளியின் கூலியும் கொஞ்சம் இருந்தது. ஆற்றின் விலை மட்டும் இல்லை! அந்த விலையை உழவன் தன் வயலாலும் கிணற்றாலும் கட்டினான். மலிவான பனியனை வாங்கிய கடல்கடந்த வணிகனும் அந்த மிச்சத்தில் பங்கு பெற்றான். 300 ஆண்டுகளுக்கு முன் கூனிமேட்டுக் கரையில் மலிவு விலை பேசியவனின் வழித்தோன்றல்தான் அவனும்.

ஆகவே சொல்கிறேன்: வேலையா, ஆறா என்பது பொய்யான கேள்வி. தூய்மை செய்யும் செலவை யார் ஏற்பது என்பதே மெய்யான கேள்வி. அந்த மெய்யான கேள்வியை எழுப்ப விடாமல் தடுப்பதற்காகவே பொய்யான கேள்வியை முன்னே நிறுத்துகிறார்கள்.

அது பொய் என்பதற்குச் சான்று வேண்டுமா? திருப்பூரே சான்று! 2011-க்குப் பிறகு அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறைகள் வேறு வழியின்றித் திருந்தின. நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கை நீக்கி, சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் தொட்டிக்கே திருப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. 'முடியவே முடியாது' என்று நீதிமன்றத்திலே வாதாடிய செயல், முடிந்தது! தொழில் செத்ததா? 2021-22-இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. செத்துப்போன தொழிலின் கணக்கா இது? ஆற்றின் விலையைக் கட்டிய பிறகும் வாழ முடியும் என்றால், கட்டாமல் இருந்த காலத்துக்கு என்ன நியாயம்?

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. காய்ச்சி எடுத்ததில் தூய உப்புப் போக, ஒன்றுக்கும் உதவாத கலப்புப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடக்கிறது. உப்பு எங்கேயும் போகாது என்றேனே, அது அங்கும் உண்மைதான். பெருமழை இரவிலே கழிவைத் திறந்துவிட்டு, வெள்ளத்தின் மீது பழிபோடும் கள்ளத்தனமும் ஒழிந்துவிடவில்லை. மண்ணில் ஏறிய உப்பு ஒரு தீர்ப்பால் இறங்கிவிடாது. பாலாற்றுப் படுகையைப் பாருங்கள், 1996-இல் தீர்ப்பு, அதே தோல் ஆலை மாசுக்காக 2025 சனவரியிலும் உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. இடையிலே, 2015 சனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறக்கத்தில் இருந்த தொழிலாளர் 10 பேர் அந்தச் சேற்றிலே மூழ்கி மாண்டனர். ஆற்றைக் கெடுக்கும் நஞ்சு முதலில் தீண்டுவது தொழிலாளியைத்தான் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இனி, கடலோரத் தோழர்களே, உங்களிடம் வருகிறேன். நொய்யல் வழக்கு நடந்த நாட்களிலே ஒரு யோசனை எழுந்தது. 'கழிவை ஆற்றில் விடுவதால்தானே தொல்லை? நீண்ட குழாய் போட்டுக் கடலில் விட்டுவிடலாமே!' என்றார்கள். எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார்கள்! கடல் என்ன, ஆளில்லாத வீட்டுக் கொல்லைப்புறமா? அங்கே வலை வீசும் மீனவன் இருக்கிறான். அவன் கொண்டுவரும் மீனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். உப்புக்கு நீர் பாய்ச்சும் தொழிலாளி இருக்கிறான். மேட்டிலே இருப்பவன் தன் அழுக்கைப் பள்ளத்திலே இருப்பவன் மீது தள்ளுவது பழைய வழக்கம். பள்ளத்திலே இருப்பவன் கேள்வி கேட்பது மட்டுமே புதிய வழக்கமாக வேண்டும்.

சப்பானிலே மினமாட்டா என்றொரு மீனவர் ஊர். ஆலையின் பாதரசக் கழிவு விரிகுடாவிலே கலந்தது, மீனில் ஏறியது, மீனை உண்டவர் நரம்பு தளர்ந்து, கைகால் முடங்கி, பேச்சிழந்து மாண்டனர். நோய் வெளிப்பட்டது 1956-இல். ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். அங்கும் 12 ஆண்டுகள் தாமதம்! தொலைவில் உள்ள சப்பான் வரை போவானேன்? புதுவைக்குத் தெற்கே கடலூர் இருக்கிறது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டிலே மிக மோசமாக மாசுற்ற தொழில் வட்டாரங்கள் 43 என்று பட்டியல் இட்டபோது, தமிழகத்தில் நான்கு இடங்கள் அதில் நின்றன: வேலூர், கடலூர், மணலி, கோவை. உங்களுக்கு வடக்கே மணலி, தெற்கே கடலூர். இடையிலே கூனிமேடு!

கூனிமேட்டின் அருகே உள்ள கழுவெளி சாதாரண நீர்நிலை அன்று. திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அதிலே வந்து சேர்கிறது. இடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியே கடலும் அதிலே ஏறி இறங்குகிறது. நன்னீரும் உவர்நீரும் கைகோக்கும் இடம். மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் இடம். வலசைப் பறவைகள் வந்து இளைப்பாறும் இடம். 2021 டிசம்பரிலே 5,151 எக்டருக்கும் மேலான பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தது நல்லது. ஆனால், சரணாலயத்துக்கு எல்லைக்கல் நடலாம். நீருக்கு எல்லைக்கல் உண்டா? மேட்டிலே ஓர் ஓடையில் விட்ட கழிவு, எல்லைக்கல்லைக் கண்டதும் வணங்கித் திரும்பிப் போய்விடுமா?

திண்டிவனத்தை ஒட்டித் தொழிற்பூங்கா அமைந்திருக்கிறது. வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். இன்று அங்குள்ள எந்த ஆலைமீதும் நான் குற்றம் சாட்டவில்லை. நாளைக்குச் சாட்டவேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகவே இன்று பேசுகிறேன். திருப்பூரிலும் தொடக்கத்தில் யாரும் குற்றம் சாட்டவில்லை, அதுதான் தவறாயிற்று.

மற்ற ஊருக்கு இல்லாத ஓர் ஆபத்து மரக்காணத்துக்கு உண்டு. உப்பளம் என்பது நீரை வற்றச் செய்யும் பாத்தி. நீர் போகும், நீரில் இருந்ததெல்லாம் நிற்கும். நல்ல கழிநீர் வந்தால் நல்ல உப்பு நிற்கும். நஞ்சு கலந்த நீர் வந்தால், உப்போடு நஞ்சும் நிற்கும். மரக்காணத்து உப்பு எத்தனை ஊர் அடுக்களைக்குப் போகிறது! சங்க காலத்து எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. அத்தனை தொன்மையான கரையின் உப்பிலே ஐயம் விழுந்தால், முதலாளி வேறு தொழிலுக்குப் போய்விடுவான். காலில் புண்ணும் கண்ணில் கூச்சமுமாய் நிற்கும் தொழிலாளி எங்கே போவான்?

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? பொதுக்கூட்டத்தில் முழங்கிவிட்டுக் கலைவதா? அல்ல. நம் தோழர்கள் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதலாவது, அளந்து பாருங்கள். நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. படிப்பகத்துக்கு ஒன்று வாங்கி வையுங்கள். ஊரின் கிணறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் நீரைத் திங்கள்தோறும் அளந்து, நோட்டிலே தேதியோடு எழுதுங்கள். அது நஞ்சு எல்லாவற்றையும் காட்டாது. ஆனால் மாற்றம் நேர்ந்தால் மணி அடிக்கும். உழவன் 'கிணறு கெட்டது' என்று சொன்னபோது, 'முன்பு எப்படி இருந்தது?' என்று கேட்டு மடக்கினார்களே. அந்த வாய்ப்பை இனி எவருக்கும் தராதீர்கள்.

இரண்டாவது, கேட்டுப் பாருங்கள். எந்த ஆலைக்கும் வாரியம் இசைவாணை தருகிறது. எவ்வளவு கழிவு, எங்கே விடவேண்டும், எத்தனை அளவுக்குள் என்று அதில் எழுதியிருக்கும். 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் அதைக் கேட்டுப் பெறும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, முன்வரிசையில் போய் அமருங்கள். கல் நாட்டும் விழாவுக்குப் போகிறோம். கருத்துக் கேட்கும் நாளில் காணாமல் போகிறோம். இது மாறவேண்டும்.

மூன்றாவது, தொழிலாளியோடு சேர்ந்து நில்லுங்கள். கழிவைத் தூய்மை செய்யும் நிலையம் ஓடுகிறதா, இரவில் நிறுத்தப்படுகிறதா என்பது உள்ளே வேலை செய்பவனுக்கே முதலில் தெரியும். அவன் சொன்னால் வேலை போகும் என்று அஞ்சுகிறான். அவனுக்குப் பாதுகாப்பாகச் சங்கம் நிற்கட்டும். தவறு செய்த ஆலை மூடப்பட்டால், மூடிய நாட்களுக்கும் கூலி கொடு என்று கேட்கட்டும். தவறு அவனுடையது அன்று. தண்டனை மட்டும் ஏன் அவனுக்கு? உழவர் அணியும் மீனவர் அணியும் தொழிலாளர் அணியும் ஒரே மேடையில் இக் கோரிக்கையை வைத்தால், அவர்களை மோதவிட்டுப் பிழைக்கும் வித்தை அன்றோடு முடியும்.

கடைசியாக ஒன்று. கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். 19 ஆண்டுகள் நொய்யல் சாயநீராய் ஓடியதற்கு ஆலைக்காரர் மட்டுமா பொறுப்பு? ஆண்ட கட்சியும் இருந்தது, எதிர்க்கட்சியும் இருந்தது, மேடைகளும் இருந்தன, ஏடுகளும் இருந்தன. எந்த அணியினரும் 'எங்களுக்குப் பங்கில்லை' என்று கை கழுவ இயலாது. கழுவுவதற்கு அந்த ஆற்றில் நல்ல நீரும் இல்லை! மாநாட்டுப் பந்தலுக்கு நன்கொடை தந்தவர் என்பதற்காக ஒருவரின் கழிவுக் குழாயைப் பாராமல் போகும் தோழர் எவராயினும், அவர் தம் கட்சிக்கு நன்மை செய்யவில்லை. தம் ஊர்க் கிணற்றை விற்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நமக்கு உப்பிட்டவர் யார்? பந்தலுக்குப் பணம் தந்தவரா? உப்பளத்து வெயிலில் நிற்கும் அந்தத் தாயா?

கூனிமேட்டுத் தோழர்களே! திருப்பூருக்கு எச்சரிக்கை செய்ய யாரும் இல்லை. உங்களுக்குத் திருப்பூரே எச்சரிக்கை. அங்கே அணை நிறைந்த பின்னர் விழித்தார்கள். இங்கே கழுவெளி இன்னும் பறவைகளின் ஒலியோடு இருக்கும்போதே விழித்திருங்கள். ஆலை வரட்டும், அதனுடைய கணக்கேட்டில் நீரின் விலையும் ஒரு வரியாய் ஏறட்டும். அந்த வரியை எழுதாத முதலாளியிடம், மரக்காணத்துத் தாய் சொல்லும் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்:

உப்பு எங்கே போகும், ஐயா?